போன நேரம் எழுதாதவர்கள்

வடக்கே சாங்வியில் குடியிருக்கும் யாமினியின் இளையோர் நாவலில், வருங்கால சர்வாதிகார அரசு பதினோரு பிள்ளைகளைக் கொன்றது. புத்தகம் மூன்று லட்சம் பிரதிகள் விற்றது.

திங்கட்கிழமை காலை, குடியிருப்பின் வாட்ச்மேன் விசிட்டர் ரிஜிஸ்டரை நீட்டினார். அவள் வீட்டுக்கு வந்ததாகப் பதினோரு கையெழுத்துகள் இருந்தன. எல்லாமே அவள் சாகடித்தவர்களின் பெயர்கள். போன நேரத்தை ஒருவரும் எழுதவில்லை.

"சப் அந்தர் ஹை, மேடம்," எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று மாடியைக் காட்டினார்.

யாமினி ஓடினாள். வாசலில் பதினோரு ஜோடிச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒரு ஜோடி மட்டும் அவள் எழுதியபடியே கருகியிருந்தது.

உள்ளே அம்மா விசாலம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல புள்ளைங்கடி. தட்டைக்கூட அதுங்களே கழுவி வச்சிடுதுங்க. அடுத்த புக்குல எத்தனை பேரைச் சாகடிக்கப் போறே? இப்பவே சொல்லிடு, அரிசி ஊறப் போடணும்."