எங்கேஜ்டு

மவுஸை எப்படி ஆட்டினாலும் அம்புக்குறி அசையவில்லை. திரையில் கேப்டனின் கடைசி வரி அப்படியே உறைந்து நின்றது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்: 'உன் கழுத்துல முகம் புதைச்சு அழணும் போல இருக்கு.'

"ஏம்மா, ஃபோன் மறுபடியும் செத்துப்போச்சு!" ஹாலிலிருந்து மாமியார் கத்தினாள். "டாக்டரம்மாகிட்ட இன்னிக்காவது நேரம் கேக்கணும். கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. ஊர் வாயை எத்தனை நாள் மூடறது?"

"இதோ அத்தை, ஒரு நிமிஷம்!"

ஃபோன் சாகவில்லை. அதன் லைனைத்தான் இந்த அறையில் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டுக்காகப் பிடித்துவைத்திருந்தது. பாலங்களுக்கு வரைபடம் போடும் கணவன் வீட்டிலும் வேலை பார்க்க வாங்கியது அது. அவன் ஆபீஸ் போன பிறகு, மதியத்தில் அவள் மூச்சுவிட இருந்த ஒரே ஜன்னல்.

கேப்டன் சொன்ன வெப்சைட் முகவரியை முதல்முறை தட்டியபோது, ஓரெழுத்து அடித்ததுமே மிச்சத்தைக் கம்ப்யூட்டரே நிரப்பிவிட்டது. 'மனசைப் படிக்கிற மெஷின்' என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டாள்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. இந்த நேரத்துக்கு அவன் வர மாட்டானே!

பதறிப்போய் மானிட்டரை மட்டும் அணைத்தாள். அதற்குள் அவன் அறைக்குள் வந்துவிட்டான்.

"எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டு. அம்மாவுக்குத்தான் என்னவோ ஏதோன்னு ஓடி வந்தேன்."

மோடத்தின் சிவப்பு விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. அவன் பார்வை அங்கே போயிற்று. கதவைச் சாத்திவிட்டு மானிட்டர் பொத்தானை அழுத்தினான்.

நிதானமாகப் படித்தான். பீரோவுக்கும் மேஜைக்கும் நடுவில் சிக்கி நின்ற அவளுக்கு ஒதுங்கக்கூட இடமில்லை.

"யாரு இந்தக் கேப்டன்?"

"காலேஜ்ல... வாலிபால் டீம்."

"இப்ப எங்க இருக்கான்?"

"இருக்கான் இல்லீங்க. இருக்கா."

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

குட்டு உடைந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? "இந்த சைட்ல ரெண்டு ரூம். பொண்ணுங்களைப் பிடிச்ச பொண்ணுங்களுக்கு ஒண்ணு, ஆம்பளைங்களைப் பிடிச்ச ஆம்பளைங்களுக்கு ஒண்ணு. நான் பொண்ணுங்க ரூம்ல இருக்கேன். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. வீட்டுல யாருகிட்டயும் வாயத் திறக்க முடியல, கழுத்த நீட்டிட்டேன். டாக்டர்கிட்ட போயும் புண்ணியமில்ல. என்னை அனுப்பிட்டு, வேற நல்ல பொண்ணாப் பாத்துக் கட்டிக்குங்க."

அவன் மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கினான்.

சற்று நேரத்தில் ஹாலிலிருந்து மாமியாரின் உற்சாகக் குரல். "டேய், லைன் வந்துடுச்சு! நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து வரணுமாம்!"

"சரிம்மா" என்று கதவைப் பார்த்துச் சொன்னான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். கோபத்தைத் தேடிய அவள் கண்ணுக்கு அந்த முகத்தில் கண்ணீர்தான் கிடைத்தது.

வெளியே கேட்காத குரலில் சொன்னான்:

"பக்கத்து ரூம்ல நான் இருக்கேன்."