செயலாளர் தூசி தட்டிய கதை

"நிதித்துறைச் செயலாளர் இருக்காரே, அவர் நேத்து நம்ம நூலகத்துல பெஞ்சு மேல ஏறி நின்னு, தன் கையாலேயே புத்தகத்துக்கெல்லாம் தூசி தட்டினாரு."

சலூனுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக டமாரம் இதைச் சொன்னார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கியை அங்கேயே விட்டுவிட்டுக் குரலை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

காத்திருந்த தையல்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்த ஆள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"மாமா, காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார் சலூன்காரர்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அரசாங்கத்துக்குப் பணமுடையாம். சின்ன நூலகங்களை மூடுவதற்குப் பட்டியல் போட்டாயிற்று. இந்தத் தெரு நூலகமும் அதில் இருந்தது. அவர் மகள் செவிலியர் தேர்வுக்குப் படிப்பது அங்கேதான். ஒற்றை அறை வீட்டில், தம்பிகள் போடும் கூச்சலுக்கு நடுவில் எதைப் படிப்பது, எப்படித் தேறுவது? பட்டியலில் செயலாளர் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. காலையிலிருந்து அந்தக் கையெழுத்தையும், அதைப் போடப்போகும் கையையும் சலூன்காரர் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

டமாரம் பெஞ்சில் வசதியாக உட்கார்ந்துகொண்டு கதையை விரித்தார். செயலாளர் தனியாக, நடந்தே வந்தாராம். தூசியில் அவர் போட்ட ஒரே தும்மலில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்ததாம். பிறகு குழந்தைகள் பிரிவில் தரையில் உட்கார்ந்து, யானைக் கதையை யானை மாதிரியே பிளிறிப் படித்துக் காட்டினாராம். கிளம்பும்போது வாண்டுகள் அவர் கால்சட்டையைப் பிடித்துத் தொங்கியதில் இடுப்புவார் அறுந்தே போனதாம்.

"புளுகு," என்றார் நுரைக்காரர். "அவர் அந்தப் பக்கமே போனதில்லை."

"நீங்க கூடவே இருந்து பார்த்தீங்களா?"

நுரைக்காரர் கொஞ்சம் தடுமாறினார். "அவருக்கு இருக்கிற வேலையில இதுக்கெல்லாம் நேரம் ஏது?"

"பேசாதீங்க சார். கத்தி கழுத்துல இருக்கு," என்றார் சலூன்காரர். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் நீட்டி முழக்கி வாதாடுவதில்லை. அவரும் வாயை மூடிக்கொண்டார்.

டமாரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. "வாசல் வரைக்கும் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'பெரியவரே, நான் இருக்கிற வரைக்கும் இந்த நூலகத்துக்குப் பூட்டு கிடையாது. ஒரு காசு குறைக்க மாட்டேன். போதாததுக்குப் புதுசா நாலு ஃபேன் மாட்டித் தரேன்'னாரு."

கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது.

"நிஜமாவா மாமா?" சலூன்காரரின் குரல் இறங்கிவிட்டது. "அப்படிப்பட்ட மனுஷனையா நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டிருந்தேன்? முதல்ல பொண்ணுக்குச் சொல்லணும். நேத்தெல்லாம் சாப்பிடாம அழுதுக்கிட்டே இருந்தா."

நுரைக்காரர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சீருடையில் ஓர் ஓட்டுநர் வாசலில் வந்து நின்று, நாற்காலியைப் பார்த்து விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார். "செயலாளர் ஐயா, கூட்டத்துக்கு நேரமாச்சு. நூலகப் பட்டியல் என்னாச்சுன்னு ஆபீஸ்லேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க."

தையல்காரர் கையிலிருந்து செய்தித்தாள் நழுவியது. சலூன்காரர் கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"ஐயா, நீங்களா? அப்போ... மாமா சொன்னது?"

செயலாளர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் தெரிந்த முகங்களில் டமாரத்தின் முகத்தில் மட்டும் ஆச்சரியத்தின் சாயல்கூட இல்லை. தாடையும் வழவழவென்று பளபளத்தது. வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு வந்த தாடை. நூலகத்துக்காக வாரக்கணக்கில் மனுவும் கையுமாக அலைந்து, ஒவ்வொரு தடவையும் செயலகத்து வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். இன்று, அந்த வாசலில் பார்த்துப் பழகிய அரசாங்கக் கார் சலூனுக்குச் சற்றுத் தள்ளி நிற்பதைப் பார்த்த பிறகுதான் உள்ளே நுழைந்திருந்தார்.

செயலாளர் துண்டை எடுத்து மீதி நுரையை மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

"நடந்தது உண்மைதான்," என்றார் சலூன்காரரிடம். "ஒரு காசு குறைக்க மாட்டேன்னு சொன்னேன். ஆனா நாலு ஃபேன்னு சொல்லலை, ரெண்டுதான்."