விடைப் பக்கம்

‘விடைப் பக்கம் இல்லாத நூலை அச்சிட இயலாது.’ பாடநூல் குழுவின் கடிதம் யோகலட்சுமியின் கைப்பையில் கிடந்தது. நான்காம் படிவ மாணவர்களுக்காக அவள் ஆறு மாதம் உழைத்து எழுதிய சுற்றுச்சூழல் நூல். அதில் கேள்விகள் மட்டும்தான். விடையைப் படிப்பவரே தேட வேண்டும். இன்று ஜெலுத்தோங் கால்வாய்க் கரையில் முதல் சோதனை.

"டீச்சர், பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி தெளிவா இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் நுரை. ஏன்?" பெஞ்சமினின் குரல்.

"அடுத்த கேள்வியப் பாருங்க."

"திரும்பவும் கேள்விதானா? பதிலச் சொல்லுங்க லா."

"எனக்கும் தெரியாது. கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

முணுமுணுப்பு கேட்டது. பிறகு ஒரு ஜோடி சப்பாத்து கரையில் வந்து விழுந்தது. தண்ணீர் சளசளத்தது.

"டீச்சர், இங்க ஒரு குழாய் இருக்கு. நுரை இதுலருந்துதான் வருது. சோப்பு வாசம்கூட அடிக்குது."

"மணி பன்னெண்டு ஆச்சு. மேல வாங்க."

"அஞ்சே நிமிஷம், டீச்சர். இது எங்கருந்து வருதுன்னு பாத்துட்டு வந்துடறேன்."

அரை மணி நேரம் கழித்து, முழங்கால்வரை சேறும் நரைத்த தலையில் பாசியுமாக மூச்சிரைக்க வந்து நின்றார், பாடநூல் குழுத் தலைவர் பெஞ்சமின்.

"டோபிக் கடை, டீச்சர். நானே கண்டுபிடிச்சேன்" என்றவர், ஈரக் கையை நீட்டினார். "போன வாரம் நான் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்தத் திருப்பிக் கொடுங்க."