மறுவீட்டுப் புறா

நான்காவது முறையாக அந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சோலைராஜ் பெத்தம்மாள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றான்.

பெட்டியில் காற்றுக்காக ஓட்டை போட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறா தானாகவே பறந்து வந்துவிடும். திரும்பக் கொண்டுபோகத்தான் பஸ் வேண்டியிருந்தது.

“போகையில பறந்து போகுது, வரையில மட்டும் ஒம்ம மடியில உக்காந்து வருதாக்கும்?” என்று கண்டக்டர் போன தடவையே கேட்டுவிட்டார்.

சோலைராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பதில் என்பது அவனுக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். சில பதில்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு வரும். சில வராமலே போய்விடும்.

புறா ஜோடியை முதலில் கொடுத்த அன்றே பெத்தம்மாள் தெளிவாகச் சொல்லியிருந்தாள். புது இடத்துக்குப் போன புறாவை நாற்பது நாள் இறக்கையைக் கட்டிக் கூண்டில் வைக்க வேண்டும். கம்பும் தண்ணீரும் உள்ளேயே. கூண்டுக்குள் இருந்தபடி அது அந்த வீட்டு வானத்தைப் பார்த்துப் பழக வேண்டும். முட்டை வைத்துவிட்டால் கவலை இல்லை, விரட்டினாலும் போகாது.

சோலைராஜ் பழைய மரபீரோ ஒன்றைப் பிரித்து மொட்டை மாடியில் கூண்டு அடித்தான். முன்பக்கம் கம்பி வலை போட்டான். இறக்கையைக் கட்ட, வேலை பார்க்கும் பேண்டேஜ் துணித் தறிக்கூடத்திலிருந்து கிழிசல் கொண்டுவந்தான்.

கட்டி முடித்தபோது ஆணும் பெண்ணும் பஸ் கவிழ்ந்து உயிர் தப்பியவை மாதிரி இருந்தன. பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த சுடலைமாடத்தி, எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள் என்று கேட்டாள்.

அந்தக் கட்டு பன்னிரண்டு நாள் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் அவிழ்த்துவிட்டான். இரண்டும் மாடியை ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு வடக்கே பார்த்துப் போய்விட்டன.

மறுநாள் பெட்டியோடு வந்து நின்றவனைப் பார்த்து, “பொண்ணு மறுவீட்டுக்கு வந்திருக்கு மாப்ள” என்று பெத்தம்மாள் சிரித்தாள். வீட்டுக்குள்ளும் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

இரண்டாவது தடவை ஏழு நாளில் அவிழ்த்தான். மூன்றாவது தடவை நான்கு நாள். இந்தத் தடவை நேற்று மாலை கொண்டுபோனவன், இன்று காலையில் காப்பி குடிப்பதற்கு முன்பே அவிழ்த்துவிட்டான்.

அவனுக்கு நாற்பது வரை எண்ணத் தெரியவில்லை என்று தறிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். இந்தப் பெட்டி கையில் இல்லாமல் அந்த முற்றத்துக்குள் கால் வைக்க அவனுக்குத் தைரியம் கிடையாது. அதை யாரிடம் போய்ச் சொல்வது.

நடையில் கிடந்த தகரப் பெட்டியின் மேல் பெத்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருப்பவள், இன்று வெறுங்கையோடு இருந்தாள். உள்ளே யாரோ பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

சோலைராஜ் ஓட்டுக்கூரையைப் பார்த்தான். ஒரு புறா இல்லை. கூண்டைப் பார்த்தான். கதவு திறந்து கிடந்தது.

“அம்புட்டையும் கிருஷ்ணன்கோவில்காரனுக்குக் குடுத்திட்டேன் மாப்ள. ஒங்க ஜோடியையும் சேத்துத்தான். அவன் நாப்பது நாள்னா நாப்பது நாள் கட்டிப் போடுதவன்.”

காலிப் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

“அப்ப நான் வாரேன்” என்றான் சோலைராஜ்.

“எங்க வாரீய? ஆவணி ஒண்ணாந்தேதி என்ன கேக்க வந்தீயளோ, அதக் கேட்டுட்டுப் போங்க.”

ஆவணி ஒன்றாம் தேதி.

அன்று அவன் கையில் அட்டைப் பெட்டி இல்லை. தேய்த்த டெரிகாட்டன் சட்டை போட்டு, பூவும் பழமுமாக வந்திருந்தான். கல்யாணமாகி முதல் ஆடி. ஆடிக்குத் தாய்வீடு போன பெண்டாட்டி பரிபூரணத்தை ஆவணி பிறந்ததும் போய் அழைத்து வருவது முறை. ‘கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.’ மூன்றே வார்த்தை. பஸ்ஸில் வரும்போது முப்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தான்.

மாமியார் இதே நடையில், கட்டி வைத்த தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “என்ன மாப்ள?” என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறந்த நேரம், ஓட்டின் மேல் ஒரு புறா குமுறியது.

“ஒரு ஜோடி புறா கெடைக்குமா?” என்று கேட்டுவிட்டான்.

வீடு தேடி வந்த மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது? பெத்தம்மாள் பிடித்துக் கொடுத்தாள். பழம் கொண்டுவந்த பையில் புறாக்களோடு அவன் பஸ் ஏறினான். தகரப் பெட்டி அன்றிலிருந்து நடையிலேயே கிடக்கிறது.

இப்போது பெத்தம்மாள் அதன்மேல் இருந்து எழுந்துகொண்டாள். மூடியில் படிந்திருந்த புறா எச்சத்தை நகத்தால் சுரண்டினாள்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

முற்றத்து முருங்கையில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. போன தடவை அது இல்லை. நல்ல ஆடு, நீளக் காது. அதன் பக்கம் கண் போய்விடாமல் இருக்க சோலைராஜ் பெரும்பாடு பட்டான்.

கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “பரிபூரணம்…” என்று கூப்பிட்டான்.

முதலில் திரும்பிப் பார்த்தது ஆடுதான்.