நெடி படாத வேலை

ரிஸ்னா மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே குந்தியிருந்து இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் பூச்சி இல்லை. ஒரு இலைகூடச் சுருண்டிருக்கவில்லை.

கிண்ணியாவில் இந்தப் போகம் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் இலை சுருண்டுதான் கிடந்தது. அதுவும் பூச்சிமருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை எல்லாம் அடித்த பிறகு.

இவளுடைய மருந்து வேப்பங்கொட்டை. இடித்து, ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து அடிக்கவேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும்.

முதல் வருடம் சவர்க்காரம் கூடிப்போய் இலை கருகியது. அடுத்த வருடம் கொட்டையைப் பொலித்தீன் பையில் கட்டிவைத்துப் பூஞ்சணம் பிடிக்கவிட்டாள். ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். மண்ணைக் காப்பாற்றும் பெரிய எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை, புருஷன் வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

அன்ஸார் மருந்து அடிக்கும் தாங்கியை முதுகில் சுமந்து, அதன் நெடியைச் சுவாசித்தே நெஞ்சைப் பழுதாக்கிக்கொண்டவன். இனி அந்த நெடியே படக்கூடாது என்று திருகோணமலை டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருந்து அடிக்காமல் மிளகாய் ஏது? கட்டாருக்குப் போனான். அங்கே ஒரு கம்பனியின் ஸ்டோரில் வேலை என்றான்.

அன்றிலிருந்து ஒரு ஆளுக்குத்தான் சமையல், பெருநாளைக்கும். தனிமை அவளுக்குப் பழகவே இல்லை.

வீடியோ கோலில் அன்ஸாரை அழைத்து, கமராவை இலைகளுக்குக் கிட்டே பிடித்தாள்.

“பாருங்க, ஒரு இலையும் சுருளல்ல. இனி நீங்க வரலாம்.”

அன்ஸாருக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் துடைக்க, பின்னால் கொடியில் கிடந்த துவாயை எடுக்கத் திரும்பினான்.

இத்தனை வருடமும் அவள் அவனுடைய முகத்தை மட்டுமே பார்த்துவந்தாள்.

கம்பனிச் சட்டையின் முதுகில் பெரிய கரப்பான்பூச்சிப் படம், அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு. இரண்டு தோளிலும் தாங்கியின் வார் உரசி உரசித் துணி வெளுத்துப்போயிருந்தது.

வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்து அடிக்கிற கம்பனி.

துடைத்துவிட்டுத் திரும்பியவன் சிரித்தான்.

“இன்னும் ரெண்டு வருஷம் பொறு புள்ள. ஸ்டோர் வேலதானே, எனக்கென்ன கஷ்டம்?”

ரிஸ்னா “ஓம், சரி” என்றாள். தன் முகத்தை அவன் பார்த்துவிடாதபடி கமராவை இலைகள் பக்கமே பிடித்துக்கொண்டிருந்தாள்.