மூணு கார்புரேட்டரும் ஒரு சிவப்புப் புள்ளியும்

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினை விக்கறதுக்கு முன்னாடி சோதிச்சுச் சொல்ல வேண்டியவன் மெக்கானிக் ஷிபின். எஞ்சின் நம்பர் இருக்கிற இடத்தை அரம் போட்டுத் தேய்ச்சுட்டு, புதுசா குத்தியிருக்காங்க. கார்புரேட்டர் மூணும் மூணு வண்டியில கழட்டுனது.

போலின்னு சொல்லிறலாம். ஆனா ஷார்ஜாவுல இப்ப யாரு மைக்குல பேசினாலும் அது எழுத்தா மாறி, பக்கத்துல ஒரு புள்ளி விழும். குரல் ஆடாம வந்தா பச்சை, அது உண்மை. நடுங்கினா சிவப்பு, அது பொய். ஷிபின் பயந்தவன். போன வாரம் நல்ல எஞ்சினை நல்லதுன்னு சொன்னதுக்கே சிவப்பு விழுந்துட்டு. இன்னொண்ணு விழுந்தா பொய்யன்னு முத்திரை குத்தி ஊருக்கு ஏத்திவிட்டுருவாங்க.

மைக்குல "எஞ்சின்"ன்னு ஆரம்பிச்சதுமே குரல் ஆடப் பார்த்துச்சு, நிறுத்திட்டான்.

"என்னல, பொண்ணு பார்க்கவா வந்திருக்க? சட்டுனு சொல்லு"ன்னாரு மேஸ்திரி சுடலை அண்ணாச்சி.

தினமும் அம்மாகிட்ட 'சாப்பிட்டேன், நல்லா தூங்குறேன்'னு சொல்ற குரலை எடுத்தான் ஷிபின். அந்தக் குரல்ல 'எல்லாம் நல்லாருக்கு'ங்கற மாதிரிப் பொய் மட்டும்தான் ஆடாம வரும்.

"எஞ்சின் நல்லாருக்கு. கார்புரேட்டரும் இதோடதுதான்."

பச்சை விழுந்துச்சு. வாங்க வந்தவர் சந்தோஷமா அவன் கையைக் குலுக்கினாரு.

மனசு கேக்கல அவனுக்கு. வெளியே வந்து ஃபோன்ல பேசி வீட்டுக்கு மெசேஜ் அனுப்பினான். "அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு இங்க பயமா இருக்கு. ஊருக்கே வந்துரட்டா?"

அம்மா உடனே பதில் போட்டா. "போலே மக்கா, எங்கிட்டயே விளையாடுதியா? சிவப்புல விழுந்திருக்கு. உன் தங்கச்சியும் பார்த்துட்டுச் சிரிக்கா."