அவள் போய்வரும் இடம்

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, முற்பகல். என் மனைவி என் கண்முன்னே வேறோர் ஆணின் சொல்லுக்குக் கண்களை மூடினாள்.

இதுதான் என் குறை.

நான் கதவோரத்து நாற்காலியில் அமர்ந்திருந்தேன். அங்கே அமருமாறு சொன்னவனும் அவனே.

பெயர் ஜெபராஜ். முப்பது வயது இருக்கலாம். உரக்கப் பேசத் தெரியாதவன். வாத்தியாராக இருந்த என் காதுக்கு, வகுப்பில் இரண்டாம் வரிசையைக்கூட எட்டாத குரல்.

அந்தக் குரலுக்கு அவளுடைய தோள்கள் தாழ்ந்தன. மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த தாடை இளகியது.

"உங்களுக்குப் பிடிச்ச ஒரு இடத்துக்குப் போங்கம்மா. எங்கன்னு எனக்குச் சொல்ல வேண்டாம்."

அவள் போனாள்.

உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

அவளுடைய சிரிப்புகள் எனக்குத் தெரியும். விருந்தினருக்கு ஒன்று. பேரனுக்கு ஒன்று. என்னைச் சமாளிப்பதற்கு ஒன்று.

இது அவற்றுள் ஒன்று அன்று.

அவளுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றுகிறார்கள். ஊசி குத்துவதற்கு முன்பே, வார்டின் வாசனை பட்டவுடனேயே, குடலைப் பிடுங்கும் வாந்தி. இனி வர மாட்டேன் என்றாள். சொன்னால் செய்கிறவள்.

"மருந்து அதுபாட்டுக்கு நடக்கட்டும். கூடவே ஹிப்னோதெரபியும் செய்து பார்ப்போம்" என்று பெரிய டாக்டர்தான் இவனிடம் அனுப்பினார்.

"இது என்ன வசியமா?" என்று கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை.

"வசியம்லாம் இல்ல சார். அம்மாவுக்கு எல்லாம் கேக்கும். வேண்டாம்னு தோணினா அவங்களே கண்ணத் தொறந்திருவாங்க. நோய இது குணமாக்காது. பயம் குறையும், குமட்டல் கொஞ்சம் அடங்கலாம். அவங்களுக்கு விருப்பமில்லாத இடத்துக்கு நான் கூட்டிட்டுப் போகவே முடியாது."

ஆறுதலாகத்தான் சொன்னான்.

வசியம் என்றிருந்தால் மன்னித்திருப்பேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன், எங்கே போயிருந்தாய் என்று.

"அதையும் கேட்டு மார்க்குப் போடணுமாக்கும்?" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிறகு அந்தக் குரல் வீட்டுக்கே வந்துவிட்டது. அவளுடைய அலைபேசியில் பதிவுசெய்து கொடுத்திருந்தான். பிற்பகல்களில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு கண்மூடிக் கிடப்பாள். நான் செய்தித்தாளைச் சத்தமாகப் புரட்டுவேன். இருமுவேன். சமையலறையில் ஒரு தட்டைக் கீழே போட்டும் பார்த்தேன்.

சிரிப்பு தவறாமல் வந்தது.

இன்று மருந்து ஏற்றும் நாள். வார்டுக்கு வந்த சற்று நேரத்தில் அலைபேசி அணைந்துவிட்டது. சார்ஜரை வீட்டு மேசையில் விட்டுவிட்டு வந்தவன் நான். மறதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபராஜ் விடுப்பில் இருந்தான்.

நர்ஸ் மருந்துப் பையைக் கம்பியில் மாட்டினார். அவள் வாந்திக் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்தது.

"நீங்க சொல்லுங்க" என்றாள். "அங்கனயே இருந்து கேட்டீங்கள்லா."

கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். பிடிக்காதவன் பேச்சைத்தான் ஒரு சொல் விடாமல் கேட்கிறோம்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கண்களை மூடு. மூச்சை உள்ளே இழு."

பக்கத்துக் கட்டில் அம்மாள் கண்களை மூடிக்கொண்டார். எதிர்க்கட்டில்காரர் முதுகை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். வாசலில் நின்ற வார்டு பாய் கைகளைக் கட்டிக்கொண்டான்.

அவள் மட்டும் கண்களை மூடவில்லை.

"சார்வாள், எனக்கு மட்டும் சொன்னாப் போதும். கிட்ட வாங்க."

குனிந்தேன்.

ஒருவருக்கு மட்டும் பேசும் அளவுக்குச் சிறிய குரல் என்னிடம் இருந்ததாக நினைவில்லை. தேடினேன். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு கரகரவென்று ஏதோ ஒன்று. அவன் குரலில் பாதி இனிமைகூட அதற்கு இல்லை.

ஆனாலும் அவளுடைய தோள்கள் தாழ்ந்தன. கிண்ணத்தைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாக்கியம் எதுவென்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டுவிடவும் முடியும்.

"உனக்குப் பிடித்த ஓர் இடத்துக்குப் போ."

போனாள்.

நானே அனுப்பிவைத்தேன்.

அதே சிரிப்பு.

மருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. கிண்ணம் காலியாகவே இருக்கிறது. நான் பேசினால் அவளுக்குக் கேட்கும். கேட்டால் பதில் சொல்லக்கூடும்.

அங்கே உன்னுடன் இருப்பது யார்?

சிறிய கேள்விதான். நாக்கின் நுனியில் இருக்கிறது.

கேட்ட மாத்திரத்தில் திரும்பி வந்துவிடுவாள். இந்தக் கட்டிலுக்கு. இந்த வாசனைக்கு.

உங்களுக்கும் அதைக் கேட்கத் தோன்றும், அறிவேன். மருந்துப் பை தீரும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.